சீமைக்காரனைத் திருத்திய எட்டு போல்ட்டுகள்

ஓய்வு பெற்ற அன்று பட்டறையில் எனக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். முப்பத்து மூன்று வருடம் நான் மணி பார்த்தபோதெல்லாம் முறைத்த நிர்வாகம், இனி இவன் மணி பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கடிகாரமே தந்துவிட்டது.

இப்போது பட்டறைக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். "அண்ணாச்சி, உங்க சாதனையைப் பத்தி நாலு பக்கம் எழுதித் தாங்க" என்று இன்றைய மெக்கானிக்குகள் கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். நான் ஒழுங்காகச் செய்த இன்ஜின்கள் எல்லாம் எங்கோ கிணற்றடியிலும் லாரியிலும் ஓடி ஓய்ந்துவிட்டன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஓடாமல் போன ஒன்றைப் பற்றித்தான் நாலு பக்கத்துக்கு விஷயம் இருக்கிறது. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

தொழில் கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் அரம் தேய்த்தேன். கோவில்பட்டியில் எங்கள் பட்டறையில் சேர்ந்து மூன்று வருடம் டீசலில் கை கழுவினேன். நாலாவது வருடம் எனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நோய் சுமார் இருபது வருடம் நீடித்தது.

பட்டறையின் ஃபோர்மன் ஞானராஜ் அண்ணாச்சி. இன்ஜின் பிரிக்கிற இடத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு வருவார். சாயங்காலமும் அது வெள்ளையாகவே இருக்கும். நாங்கள் கறுப்புச் சட்டை போட்டிருந்தாலும் கறை தெரியும். பேச்சு மிகக் குறைவு. சாதாரணமாக எங்களை "ஏலே" என்பார். கோபம் வந்தால் "ஐயா" என்பார். அவர் வாயிலிருந்து "ஐயா" விழுந்தால் பட்டறையில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிடும்.

கனெக்டிங் ராடு என்பது பிஸ்டனையும், கீழே சுற்றுகிற தண்டான கிராங்க்கையும் இணைக்கிற இரும்புக் கை. மேல் முனை பிஸ்டனைப் பிடித்திருக்கும். கீழ் முனை இரண்டு பாதியாக வந்து, இரண்டு போல்ட்டால் கிராங்க்கைக் கட்டிப் பிடித்திருக்கும். அந்தக் கை விட்டுவிட்டால் இன்ஜினுக்குள் மற்ற எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எங்கள் பகுதியில் ராடு கெடுவதென்றால் வளைவதுதான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மழையில், ஓட்டப்பிடாரம் பக்கம் ஓடைத் தண்ணீருக்குள் லாரியை இறக்கிவிட்டார் ஒரு டிரைவர். இன்ஜின் தண்ணீரைக் குடித்தது, ராடு வளைந்தது. நான் அதை இரும்பை அழுத்துகிற பிரஸ்ஸில் வைத்து அரை மணி நேரத்தில் நிமிர்த்திவிட்டேன். டிரைவர் மகிழ்ந்துபோய் எனக்கு வடை வாங்கித் தந்தார். ஞானராஜ் வந்தார். ராடைத் தூக்கிப் பார்த்தார்.

"நிமித்திட்டியளா ஐயா?"

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"கோடு போட்ட மாதிரி இருக்கு அண்ணாச்சி."

"நீங்க நிமித்துனதை நீங்க மறந்திருவிய. அது மறக்குமா?"

கேஸ் கட்டரை வரவழைத்து, டிரைவரின் கண் முன்னாலேயே ராடை இரண்டாக அறுத்தார். யாரும் எடுத்து மறுபடி மாட்டிவிடக் கூடாதாம். நான் மிச்ச வடையைக் கீழே வைத்தேன். பாடம் கற்றுக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். ராடை நிமிர்த்தக் கூடாது என்று மட்டும்தான் கற்றுக்கொண்டேன்.

நான்கு வழிச்சாலை வேலை எங்கள் பக்கம் முடிந்த வருடத்தில்தான் அந்தச் சிவப்புக் கார் வந்தது. சண்முகவேல் என்ற தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, கொடைக்கானலில் யாரோ எஸ்டேட்காரரிடமிருந்து வாங்கி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது. சித்திரை வெயிலில் தார் இளகுகிற ஊருக்குக் கூரையில்லாத காரை வாங்க ஒரு மனசு வேண்டும். அது முதலாளிக்கு இருந்தது. உள்ளே உட்காரும் இடுப்புதான் இல்லை. ஏறுவதற்கு ஒருவர் தோளைப் பிடிக்க வேண்டும், இறங்குவதற்கு இரண்டு பேர்.

"இதுல மழை பெஞ்சா என்ன செய்வாவ?" என்று அவர் மனைவி பொன்னுத்தாய் அக்கா கேட்டார்.

"வேகமாப் போனா மழை மேல விழாது. பின்னால போயிரும்" என்றார் முதலாளி.

"அப்ப சிக்னல்ல நின்னா குளிச்சிக்கிடலாம்."

இன்ஜினில் டொக் டொக் என்று ஒரு சத்தம். இறக்கிப் பிரித்தோம். நாலு ராடுகளும் லாரி ராடுகள் போல முரடாக இல்லாமல், இடை மெலிந்து, பார்க்க அழகாக இருந்தன. ஞானராஜ் அவற்றைப் பார்த்த விதத்தை இன்றைய மெக்கானிக்குகளுக்காகவே விவரமாக எழுதுகிறேன். இப்போது விரிசல் பார்க்க மிஷின் இருக்கிறது. ராடை அதில் வைத்துவிட்டுப் போன் பார்க்கலாம்.

முதலில் ராடை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, சிறிய ஸ்பேனரால் ஒரு தட்டு. கோயில் மணி போல இழுத்து ஒலித்தால் சரி. செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல். அவர் தட்டும்போது லேத்தை நிறுத்திவிடுவோம். அடுத்து, ராடை ஒரு பகல் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, எடுத்துத் துணியால் உலரத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைப் பூசுவார். பூசிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழை போலக் கோடு விழும். கோடு விழவில்லை. ராடுகள் நல்லவை.

பிறகு எட்டு போல்ட்டுகளையும் கழுவி வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் நீளத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்தார். எட்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். மூன்றாவது ராடின் ஒரு போல்ட் மற்றவற்றைவிட ஒரு நூலளவு நீண்டிருந்தது.

"இழுபட்டிருக்கு. எட்டையும் மாத்தணும். இங்கிலாந்துல இருந்து வரணும். ஆறு வாரம் ஆவும்."

"இழுபடுமா அண்ணாச்சி? பிஸ்டன் கீழ தள்ளத்தானே செய்யுது?" என்று கேட்டேன்.

"பம்புசெட்டுல தள்ளும். அது மெதுவாச் சுத்துது. இது அதைவிட மூணு நாலு மடங்கு சுத்தும். பிஸ்டன் அந்த வேகத்துல மேல போயிட்டு, நின்னு, கீழ வரணும். அது நிக்க மாட்டேங்கும். பிடிச்சு இழுத்து நிறுத்தறது யாரு? இந்த ரெண்டு போல்ட்டுதான். ஆக்ஸிலேட்டரை மிதிக்கையிலகூட மேல ஒரு வெடி இருந்து திருப்பித் தள்ளும். வேகமாப் போயிட்டிருக்கையில டக்குனு காலை எடுத்தா அதுவும் இருக்காது. அப்பத்தான் ஒடியும்."

இருபது வருடத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீண்ட பேச்சு அதுதான். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மறுநாள் அவர் மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் நாசரேத் போனார். அதற்காகவே காத்திருந்தது போல முதலாளி வந்தார். மதுரையில் ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் அணிவகுப்பாம்; பெரிய மனிதர்கள் எல்லாம் வருகிறார்களாம். இவர் பெயரை அட்டையில் அச்சடித்தும் விட்டார்களாம்.

"ஏ செல்லையா, போல்ட்டுக்கா ஆறு வாரம்? கோவில்பட்டியில செய்ய முடியாத போல்ட்டா? ஞானராஜுக்கு வயசாயிட்டு, பயப்படுதாரு. உன் கைக்கு அது எம்மாத்திரம்!"

அந்தக் கடைசி வாக்கியம் போதும். ஒரு பலூனுக்குக் காற்றடிக்க அதைவிடக் குறைவான காற்றே போதும்.

பழைய லாரி ஆக்ஸில் ஒன்றை அறுத்தேன். நல்ல இரும்பு, கடைசல் உளியே முனகியது. இரண்டு நாள் லேத்தை விட்டு நகரவில்லை. கெட்டுப்போனால் மாற்றுக்கு இருக்கட்டும் என்று ஒன்பது போல்ட் செய்தேன். சீமை போல்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது ஒரு குறை கண்ணில் பட்டது. போல்ட்டின் தலையும் உடம்பும் சேருகிற மூலை, சுத்தமாக வெட்டப்படாமல் லேசாக வளைந்து கிடந்தது. பாவம், செய்த சீமைக்காரனுக்கு உளி மழுங்கியிருக்கும் என்று நினைத்தேன். என் போல்ட்டில் அந்த மூலையைக் கத்தி போலக் கூராக வெட்டினேன். ஒன்பதையும் மெருகேற்றி வரிசையாக நிறுத்தியபோது, வெள்ளைக்காரனைத் திருத்திய பெருமிதம் எனக்கு இருந்தது. பட்டறையில் எல்லோரும் வந்து கையில் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை.

புதன்கிழமை இன்ஜின் பாடியது. மூன்று நாள் எட்டயபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். டொக் டொக் போன இடம் தெரியவில்லை. சனிக்கிழமை முதலாளி காரை எடுத்துப்போனார்.

ஞாயிறு காலை, இரண்டு நாள் லீவு பாக்கி இருந்தும், ஞானராஜ் ரயிலை விட்டு இறங்கி நேரே பட்டறைக்கு வந்துவிட்டார். அன்று அவசர வேலை ஒன்றுக்காக நான் அங்கே இருந்தேன். பையைக் கீழே வைக்கும் முன்னே கேட்டார்.

"அந்த இன்ஜின் எங்கலே?"

நான் ஒன்பதாவது போல்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். குழந்தையைக் காட்டுகிற மாதிரிதான். அவர் லென்ஸை எடுத்து, தலைக்கு அடியில் அந்த மூலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். விரல் நகத்தால் மூலையைத் தடவினார்.

"இந்த மூலையில இருந்த வளைவு எங்க ஐயா?"

"அதைச் சுத்தம் பண்ணிட்டேன் அண்ணாச்சி."

"வேட்டியைக் கிழிக்கணும்னா ஓரத்துல லேசாக் கத்தி வச்சிட்டு இழுப்போம்லா? அந்தக் கத்தியைத்தான் நீங்க வச்சிருக்கிய ஐயா. எட்டு இடத்துல."

முதலாளி மதுரைக்குக் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவருக்குப் போன் செய்தோம். கூரையில்லாத காரில் மணி அடிப்பது யாருக்குக் கேட்கும்? கூடப் போயிருந்த பொன்னுத்தாய் அக்கா எண்ணுக்கு அடித்தோம். எடுத்தார். காற்றுச் சத்தம்தான் வந்தது. ஞானராஜ் தொண்டை கிழியக் கத்தினார்: "சாத்தூர்ல நிறுத்தச் சொல்லுங்கம்மா! சாத்தூர்ல!" அந்தப் பக்கம் ஏதோ சிரிப்புச் சத்தம் கேட்டு, தொடர்பு அறுந்தது.

பட்டறையின் பழைய வேனில் ஏறினோம். ஸ்போர்ட்ஸ் காரைத் துரத்த உலகத்தில் அதைவிடப் பொருத்தமில்லாத வண்டி கிடையாது. ஐம்பதைத் தாண்டினால் கதவு தானாகத் திறக்கும். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு ஞானராஜ் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

ஆனாலும் பிடித்துவிட்டோம். முதலாளி வழியிலுள்ள டீக்கடைகளில் எல்லாம் நிறுத்தி, காரை நாலு பேர் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சாத்தூரில் ஒரு சேவுக் கடை முன்னால் சிவப்புக் கார் நின்றது. அக்கா கையில் காராச்சேவுப் பொட்டலம்.

"வாங்க ஃபோர்மன். சேவு வாங்கத்தானே நிறுத்தச் சொன்னிய? உங்களுக்கும் சேத்து வாங்கிட்டேன்."

ஞானராஜ் விஷயத்தை முதலாளியிடம் சொன்னார். மூன்று வாக்கியம். போல்ட் தப்பு, எப்போது வேண்டுமானாலும் ஒடியும், காரை இங்கேயே விட்டுவிடுங்கள்.

"கல்யாணக் களைப்புல பேசுதீரு" என்றார் முதலாளி. "மூணு நாளா ஓடுது. பாட்டுல்லா பாடுது! செல்லையா, நீ சொல்லு."

ஞானராஜ் என்னைப் பார்க்கவில்லை. கடை ஓரத்துக் குழாயில் கை கழுவப் போய்விட்டார். எனக்காக அவர் பேசப் போவதில்லை என்று புரிந்தது. நான் சொன்னதைக் கேட்டு உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்: "தெரியலை மொதலாளி" என்றேன். முப்பது பேர் பாராட்டிய போல்ட்டை நானே குறை சொல்ல வாய் வரவில்லை.

பொன்னுத்தாய் அக்கா சேவுப் பொட்டலத்தை மடித்தார். "செல்லையா தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். உங்க வீட்டுக்காரியை இதுல ஏத்தி மதுரைக்கு அனுப்புவியளா?"

ஏற்கெனவே ஏற்றியிருந்தேன். வியாழக்கிழமை வெள்ளோட்டத்தில், ஒரு பெருமைக்கு, என் மனைவி பேச்சியம்மாளை அந்த இடது பக்கச் சீட்டில் உட்கார வைத்து எட்டயபுரம் வரை போய் வந்திருந்தேன். அவள் தலை முடி பறந்ததும், சிரித்ததும், ரோட்டில் போனவர்கள் பார்த்ததும் நினைவுக்கு வந்தன. அந்தச் சிரிப்புக்குக் கீழே என் எட்டு மூலைகளும் சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன.

"மாட்டேன்க்கா" என்றேன். "ஒடியும். நான் செஞ்சது தப்பு."

அக்கா நேரே வந்து எங்கள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்கு முகம் காரைவிடச் சிவந்தது. சேவுக் கடையில் அத்தனை பேர் பார்க்க மனைவி வேனில் ஏறுவதா? "நான் போய்க் காட்டுதேன் பாரு" என்று ஒருவர் தோளைப் பிடித்து ஏறி, புழுதி கிளப்பிக்கொண்டு கிளம்பினார். நாங்கள் பின்னால் போனோம்.

கரிசல் காட்டு நேர்ச்சாலை. எவ்வளவு தூரம் போனாலும் கண்ணில் தெரியும். பழைய ரோட்டில் குழிகள் இருந்தவரை எந்தக் காரும் அந்த வேகம் எடுத்ததில்லை. எத்தனையோ ராடுகளைக் காப்பாற்றிய குழிகள்! அவற்றை மூடிவிட்டார்கள். சிவப்புப் புள்ளி சிறுத்துக்கொண்டே போனது. அப்போது நடுத் திட்டைத் தாண்டி ஒரு ஆட்டு மந்தை ரோட்டில் இறங்கியது. புதிய சாலை யாருக்காகப் போட்டது என்று ஆடுகளுக்கு யாரும் சொல்லவில்லை.

"காலை எடுத்திருவாரு" என்றார் ஞானராஜ், மிக மெதுவாக.

எடுத்துவிட்டார். சத்தம் எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது. கிணற்றில் வெடி வைத்தது போல ஒன்று. வெள்ளைப் புகை. சிந்திய எண்ணெயில் தன் டயரே வழுக்கி, கார் ஒரு சுற்றுச் சுற்றி உளுந்துக் காட்டுக்குள் இறங்கியது. இரண்டு நாள் முன்பு பெய்த மழையில் ஊறிய கரிசல் அதை அச்சு வரை விழுங்கி நிறுத்தியது. அந்த மண்தான் அவரைக் காப்பாற்றியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்டுக்காரர் முதலாளியை இழுத்து வெளியே போட்டிருந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, புருவம் கருகியிருந்தது. இன்ஜினின் இடது பக்கம் கால்படிப் பாத்திரத்தின் வாய் அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே கொட்டிய எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டு எரிந்துகொண்டிருந்தது. நான் வேனிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன்.

"எண்ணெய்த் தீயில தண்ணியை ஊத்தாதிய!" என்று ஆட்டுக்காரர் அதட்டினார். "மண்ணை அள்ளிப் போடுங்க!"

ஐ.டி.ஐ. படித்த நான் குடத்தைக் கீழே வைத்தேன். கரிசலைக் கை கையாய் அள்ளி வீசினோம். நாடு பூராவும் தீக்குச்சி விற்ற மனிதர் வரப்பில் உட்கார்ந்து, தன் கார் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீ அணைந்தபோது இடது பக்கச் சீட்டில் ஸ்பிரிங் மட்டும் மிச்சமிருந்தது. பொன்னுத்தாய் அக்கா அதை ஒரு முறை பார்த்தார். பிறகு கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முந்தானையால் அவர் முகத்துக் கரியைத் துடைத்தார். கிண்டலாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் பட்டறையில் இன்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, ஒடிந்த போல்ட்டை ஞானராஜ் எடுத்தார். சரியாகத் தலைக்கு அடியில் ஒடிந்திருந்தது. லென்ஸை என்னிடம் தந்தார். ஒடிந்த முகத்தில் ஓரத்திலிருந்து உள்ளே, அலை வந்து ஒதுங்கிய ஈரக் கோடுகள் போல வரிசை வரிசையாகக் கோடுகள்.

"ஒரே நாள்ல ஒடியலை" என்றார். "ஓட ஆரம்பிச்சதுல இருந்து கொஞ்சங் கொஞ்சமா ஒடிஞ்சிருக்கு."

வேலைச் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "போல்ட் தலையடி மூலை கூராக வெட்டப்பட்டது. காரணம் அதுவே. செய்தவர்: செல்லையா" என்று நானே எழுதினேன். அவர் வாங்கி அதற்குக் கீழே, "மாற்று வரும்வரை இன்ஜினைப் பூட்டி வைக்காமல் லீவில் போனவர்: ஞானராஜ்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். நிர்வாகம் இருவருக்கும் மெமோ கொடுத்தது. முதலாளி வழக்குப் போடவில்லை. போட்டால் சேவுக் கடையில் நடந்ததைக் கோர்ட்டில் சொல்ல வேண்டிவரும்.

ஆனால் இதெல்லாம் மறுநாள். ஞாயிறு சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது, பேச்சியம்மாள் முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கரிசல் அப்பிய என்னைப் பார்த்ததும் சுளகை நிறுத்தினாள். ஒன்று விடாமல் சொன்னேன், எரிந்த சீட்டு வரைக்கும். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"வியாழக்கிழமையும் அந்தப் போல்ட்டுதானா?"

"அதேதான்."

"நான் வேகமாப் போங்கன்னு சொன்னேன்லா?"

"சொன்ன."

"நீங்க போகலையே. ஏன்?"

"பயமா இருந்துச்சு."

மறுபடி சுளகைத் தூக்கினாள்.

"நல்லவேளை" என்றாள். "தொழில்தான் தெரியலை, பயமாவது தெரிஞ்சுதே."